'ரன்' என்ற ஒரு சொல்லை வைத்து ரோஜே தெசாரஸைச் சோதித்துப் பார்த்த கதை

புதிதாக ஓர் ஆங்கில அகராதியோ இணைச்சொல் நூலோ ஃபோன் செயலியோ கைக்கு வந்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது 'ரன்' என்ற சொல்லைத்தான். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் 'ஓடு' என்று சொல்லிவிடும். ஆனால் நாள் முழுக்க ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு, ஒரு பக்கத்தில் நாலு தடவை இந்தச் சொல் வந்தால் நாலு தடவையும் வேறு வேறு தமிழ் வேண்டியிருக்கிறது, அதில் ஒன்றுகூட 'ஓடு' ஆக இல்லாமல் போவதும் உண்டு. இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிரித்துக் காட்டத் தெரிந்த புத்தகத்தை மற்ற சொற்களுக்கும் நம்பலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இதுவரை அந்தக் கணக்கு தப்பவில்லை.

இங்கே பேசப்போவது ரோஜே தெசாரஸ் என்ற ஆங்கில இணைச்சொல் நூல் பற்றி, அதாவது ஒரு சொல்லுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஒத்த பொருள் சொற்களின் தொகுப்பு. அச்சுப் புத்தகம், 12 வருஷமாக என் மேஜையில் இருப்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் உபயோகப்படட்டும்: தாராளமாக வாங்கலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும், கூடவே ஒரு நல்ல அகராதியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அகராதி இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, 'ரன்' எவ்வளவு பெரிய சொல் என்று பார்த்துவிடுவோம். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான் இருந்தது, ஏறக்குறைய 430 பொருள், 60,000 சொற்களில் விளக்கம், தனியாக அச்சடித்தால் அதுவே ஒரு புத்தகம் ஆகிவிடும். அப்புறம் அகராதியைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கி, 'ரன்' பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியரின் கைக்கு வந்தது. அந்த ஒரு வினைச்சொல்லோடு அவர் ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். முடித்தபோது வினையாக மட்டும் 645 பொருள். 'செட்'டை அது தாண்டிவிட்டது. இதற்குப் பெரிய காரணம் இயந்திரங்கள். தண்ணீரும் குதிரையும் பழங்காலத்திலேயே ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் ரயில், மோட்டார், கணினியில் ஏற்றிய நிரல் என்று காலில்லாத சாமான்கள் வரிசையாக வந்ததும் எல்லாமே ஆங்கிலத்தில் 'ரன்' ஆக ஆரம்பித்துவிட்டன.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'ரின்னன்' என்றும் 'இயர்னன்' என்றும் இரண்டு வடிவம் இருந்திருக்கிறது. 'ர' ஒலி முன்னும் பின்னுமாக இடம் மாறியிருக்கிறது, நம் 'தசை' 'சதை' ஆன மாதிரி. இதைப் படித்த அன்று எனக்கு என்னமோ அந்தச் சொல் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

நம் 'ஓடு' மட்டும் என்ன குறைச்சலா? கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனதில் ஒரு யோசனை ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. இதுவரை ஆங்கிலமும் தமிழும் கைகோத்துத்தான் வருகின்றன. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தையோ கம்பெனியையோ பொறுப்பேற்று கவனிப்பதற்கு வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அதையும் 'ரன்' செய்கிறார்கள். தமிழில் நாம் நடத்துகிறோம். ஒரே வேலை, அங்கே ஓட்டம், இங்கே நடை. 'ஓட்டுவது' நம்மிடமும் உண்டுதான், ஆனால் அதன் தொனியே வேறு. "கடையை நடத்துகிறார்" என்றால் மரியாதையாக இருக்கிறது, "கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்" என்றால் மாசக் கடைசியில் அவர் படுகிற பாடு கூடவே காதில் விழுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் 'ரன்' என்று பார்த்தவுடன் 'ஓட்டு' என்று போட்டுவிட்டால் நல்ல நிலையில் இருக்கிற ஒரு மனிதரை நொடித்துப்போனவராக்கிவிடுவோம். மொழிபெயர்ப்பில் இந்த மாதிரி இடங்கள்தான் நிஜமாகவே வேலை வாங்கும்.

தேர்தலையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார், தமிழில் நிற்கிறார். ஓடுவதும் நிற்பதும் ஒரே காரியத்துக்குப் பெயராக இருப்பதைப் பல வருஷமாகப் பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துணியின் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. காய்ச்சலை 'ரன்' செய்தால் நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. செய்தித்தாள் ஒரு கட்டுரையை 'ரன்' செய்தால் வெளியிடுகிறது. கூடவே ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் கதை இன்னும் பெரிதாகும். 'ரன் இன்டு' என்பது தெருவில் பழைய நண்பர் எதிர்ப்படுவது, வண்டி மரத்தில் மோதுவது, சிக்கலில் மாட்டுவது, செலவு லட்சத்தைத் தொடுவது, எல்லாமும்தான். 'ரன் ஓவர்' என்பது வண்டி ஏறி இறங்குவது, பாத்திரம் நிரம்பி வழிவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது, குறிப்புகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்வது. 'ரன் டவுன்' என்றால் ஆளும் பேட்டரியும் சோர்ந்துபோகலாம், கட்டடம் பாழடையலாம், யாரோ யாரையோ மட்டம் தட்டலாம்.

இப்போது ஒரு கேள்வி. இப்படிப்பட்ட சொல்லுக்கு "இணைச்சொல் கொடு" என்று கேட்டால் எதைக் கொடுப்பது? அந்தக் கேள்வியே அரைகுறை. 'ஸ்பிரிண்ட்' என்பது காலால் ஓடும் 'ரன்'னுக்கு மட்டும் உறவு, கம்பெனி நடத்தும் 'ரன்'னுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்தப் பொருளில் கேட்கிறாய் என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைத் தேட முடியும். ரோஜே தெசாரஸ் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காமல் விடாது. ஃபோனில் கிடைக்கிற பல செயலிகள் கேட்பதே இல்லை.

என் தம்பி மகள் போன வருஷம் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு விண்ணப்பத்துக்காக அவள் தாத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தது. அப்பா 30 வருஷம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தவர். அவள் எழுதியதில் 'ரன்' ஐந்து இடத்தில் இருந்தது: தாத்தா அச்சகத்தை 'ரேன்' ('ரன்'னின் இறந்தகாலம்), அச்சகம் சில காலம் நஷ்டத்தில் 'ரேன்', மழையில் நனைந்த காகிதத்தில் மை 'ரேன்', ஒருமுறை காகிதம் 'ரேன் அவுட்', அப்புறம் ஒரு புத்தகத்தின் முதல் 'பிரின்ட் ரன்'. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, மாற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் ஃபோனில் ஒரு செயலியைத் திறந்து, சொல்லின் மேல் விரலை வைத்து, வந்த பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டாள். 'ஸ்பிரிண்ட்', 'ரேஸ்', 'டாஷ்', 'ஆபரேட்', 'ஃப்ளோ' எல்லாம் ஒரே வரிசையில், இடையில் ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தன. மை காகிதத்தில் 'ரேஸ்' செய்திருந்தது. தாத்தா அச்சகத்தை 'ஆபரேட்' செய்திருந்தார்.

நான் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஆபரேட்னா தப்பா பெரியப்பா? அதுவும் ரன்தானே?"

"தாத்தா மெஷின்ல நின்னாராம்மா?"

"இல்ல, மெஷினை ஓட்ட வேற ஒருத்தர் இருந்தார்னு அப்பா சொல்லியிருக்கார்."

"அவர்தான் ஆபரேட் பண்ணினவர். தாத்தா பிரஸ்ஸை நடத்தினவர்."

அதற்கு மேல் நான் அதிகம் சொல்லவில்லை, அவளே தேட ஆரம்பித்துவிட்டாள். புத்தகத்தின் பின்பாதியில் சொல்லடைவு இருக்கிறது, அகர வரிசையில். அங்கே 'ரன்' என்று பார்த்தால் அதன் கீழே நேராக இணைச்சொற்கள் கிடைக்காது. தொடர்ச்சி, வேகம், நீரோட்டம், நிர்வாகம், தப்பித்தல் என்று பொருள் பொருளாகச் சின்னச் சின்னத் துப்புச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்பாதிக்குப் போனால் அந்தக் கருத்துக்கான சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில், பெயர், வினை, அடை என்று தனித்தனிப் பத்தியாக. நிர்வாகத்துக்கான எண்ணில் 'மேனேஜ்', 'டைரக்ட்', 'கண்டக்ட்', 'அட்மினிஸ்டர்', 'சூப்பர்வைஸ்' என்று ஒரு கூட்டமே நின்றது. அவள் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'அட்மினிஸ்டர்' அரசாங்க அலுவலகம் மாதிரி இருக்கிறது, 'சூப்பர்வைஸ்' என்றால் முதலாளி வேறு யாரோ என்று ஆகிவிடுகிறது, 'டைரக்ட்' பெரிய நிறுவனத்துக்கு. கடைசியில் பழைய 'ரேன்' என்பதையே திரும்ப எழுதினாள். இந்தத் தடவை அது ஏன் சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மைக்கு வேறு எண். கசிவு சம்பந்தப்பட்ட பத்தியில் 'ஊஸ்', 'சீப்', 'லீக்' என்று வந்துகொண்டிருந்தபோது 'ப்ளீட்' கண்ணில் பட்டது. நனைந்த தாளில் மை படர்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் கிடையாது, அச்சுத் தொழிலிலும் புழங்குகிற சொல். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நஷ்டத்தில் ஓடியதை 'லாஸ்ட் மணி' என்று நேராகச் சொல்லிவிட்டாள். காகிதம் தீர்ந்ததை 'காகிதமே மிச்சமில்லை' என்ற பொருள்பட எளிமையாக மாற்றிக்கொண்டாள். 'பிரின்ட் ரன்'னைத் தொடவே இல்லை, ஒரு தடவைக்கு எத்தனை பிரதி அச்சடிக்கிறோம் என்பதற்கு அந்தத் தொழிலில் பெயரே அதுதான், மாற்றினால் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியாது. ஐந்தில் இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டு பக்கமும் அதற்கப்புறம் படிக்க நன்றாக இருந்தது.

இந்தப் புத்தகம் இப்படி அமைந்ததற்கு அதை உருவாக்கிய ஆளின் பழக்கமும் ஒரு காரணம். பீட்டர் மார்க் ரோஜே 1779இல் லண்டனில் பிறந்தவர், படிப்பால் மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராக 20 வருஷத்துக்கு மேல் இருந்தவர். உயிரினங்களை வகை, குடும்பம் என்று பிரித்து அடுக்குகிற காலத்து விஞ்ஞானி, சொற்களையும் அதே மாதிரி அடுக்கிப் பார்த்திருக்கிறார். முதல் வடிவத்தை 1805 வாக்கிலேயே தன் சொந்த உபயோகத்துக்கென்று தயாரித்துவிட்டார், ஆனால் புத்தகமாக வெளியிட்டது 1852இல், தன் 73 வயதில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். மொத்தம் ஆறு பெரும் பிரிவு: அருவமான உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வுகள். அவற்றுக்குக் கீழே 1,000 தலைப்பு. முதல் தலைப்பு 'இருப்பு', இரண்டாவது 'இன்மை'. எதிர்ப்பொருள்களைப் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் நிறுத்தியிருந்தார், ஒன்றைத் தேடி வந்தவனுக்கு அதன் மறுபக்கமும் கண்ணில் படட்டும் என்று. பின்னால் உள்ள சொல்லடைவை விரிவாக்கிப் பெரிதாக்கியது அவருடைய மகன் ஜான் லூயிஸ் ரோஜே, 1879 பதிப்பில். என்னைக் கேட்டால் பாதிப் புண்ணியம் மகனுக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் அந்த அடைவு இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்கள் 1,000 தலைப்புக்குள் நுழைந்து வழி தெரியாமல் நிற்போம்.

பொருள்வாரியாகச் சொற்களை அடுக்குவது தமிழ் படித்தவனுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் நிகண்டுகள் செய்தது அதைத்தானே? திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போகும், மொத்தம் 12 தொகுதி. அதில் 11ஆவது தொகுதி ஒரு சொல் பல்பொருளுக்கென்றே தனியாக ஒதுக்கியது. ஒரு பொருளுக்கு எத்தனை சொல் என்பதும் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பதும் இரண்டு வேறு கேள்விகள், இரண்டுக்கும் தனி இடம் வேண்டும் என்பது அந்த ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நன்னூலில் பவணந்தியார் 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை, மிகுதி என்று 13 பொருள் அடுக்குகிறார். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது 'ரன்'னோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அந்த நூற்பாதான் ஞாபகம் வருகிறது. ரோஜேவில் அந்த 11ஆம் தொகுதியின் வேலையைச் செய்வது பின்னால் இருக்கிற சொல்லடைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி குறைகள், பூசி மெழுகாமல். முதல் குறைதான் பெரிய குறை: இந்தப் புத்தகம் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்லாது. காலால் ஓடும் 'ரன்' பக்கத்துக்குப் போனால் 'ஸ்பிரிண்ட்', 'டாஷ்', 'போல்ட்', 'ஸ்கேம்பர்', 'லோப்', 'ட்ராட்' எல்லாம் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும், எல்லாமே ஒன்று என்று தெரியாதவர் நினைத்துக்கொள்வார். 'ஸ்பிரிண்ட்' கொஞ்ச தூரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவேகத்தில் ஓடுவது. 'போல்ட்' திடுக்கிட்டு, மிரண்ட குதிரை மாதிரி பாய்ந்து ஓடுவது. 'ஸ்கேம்பர்' குழந்தையோ அணிலோ குடுகுடுவென்று ஓடுவது. 'லோப்' நீளநீளமாக எட்டு வைத்து அலட்டிக்கொள்ளாமல் ஓடுவது. நீதிபதி ஒருவர் அவசரமாக வந்தார் என்பதற்கு 'ஸ்கேம்பர்' போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் பிறப்பிலிருந்தே பேசுகிறவருக்கு ரோஜே மறந்த சொல்லை ஞாபகப்படுத்துகிற புத்தகம், அவருக்கு இது போதும். நம்மைப் போல் படித்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒவ்வொரு புதுச் சொல்லையும் அகராதியில், முடிந்தால் எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதியில், சரிபார்த்தே ஆக வேண்டும். நான் ரோஜேவிலிருந்து எடுக்கிற எந்தச் சொல்லையும் அகராதியைப் பார்க்காமல் பயன்படுத்துவதில்லை, 12 வருஷத்துக்குப் பிறகும்.

இன்னொன்று, வழக்கொழிந்த சொல்லும் நேற்றைக்கு வந்த கொச்சையும் சில பத்திகளில் அருகருகே இருக்கும். எந்த அளவுக்கு அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். அடைவில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், 40 தாண்டியவர்கள் கண்ணாடியைத் தேட வேண்டியதுதான். ஒரு சொல்லைப் பார்க்க இரண்டு தடவை புரட்ட வேண்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அந்த இரண்டாவது புரட்டலுக்கு முன்னால்தான் நாம் எந்த அர்த்தத்தைத் தேடுகிறோம் என்று முடிவு செய்கிறோம்.

வாங்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: அட்டையில் ரோஜே என்று இருப்பதெல்லாம் ரோஜே அல்ல. பல பதிப்பகங்கள் அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே வெறும் அகர வரிசைப் பட்டியலைக் கொடுக்கின்றன. கையில் எடுத்ததும் நடுவில் திறந்து பாருங்கள், பக்கத்தின் மேலே எண்ணும் கருத்துத் தலைப்பும் இருந்து, கடைசியில் தடியான அடைவு இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. 'ஏ'யில் தொடங்கி 'இஸட்'டில் முடிந்தால் வைத்துவிடுங்கள். புத்தகம் வேண்டாம், பழகிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு 1911ஆம் ஆண்டுப் பதிப்பு கூட்டன்பர்க் மின்னூல் திட்டத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் கணினியும் இல்லை, விமானமும் பேருக்குத்தான் இருக்கும், ஆனால் அமைப்பைப் புரிந்துகொள்ள அது போதும்.

கணினியில் வேலை செய்கிறவர்கள் வேர்ட்நெட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் பேராசிரியர் 1980களின் நடுவில் தொடங்கியது. அங்கே அடிப்படை அலகு சொல் அல்ல, ஒரே பொருள் தரும் சொற்களின் கட்டு. அப்படி ஒரு லட்சத்துக்கு மேல் கட்டுகள். 'ரன்' அதில் வினையாக 41, பெயராக 16 கட்டுகளில் வருகிறது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரி விளக்கமும் உண்டு, அந்த விதத்தில் ரோஜேவைவிட ஒரு படி மேல். எரிச்சல் என்னவென்றால் இதையும் இதைப் போன்ற தரவையும் எடுத்துக்கொள்கிற செயலிகள் பல, கட்டுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடுகின்றன. யாரோ வருஷக்கணக்காகப் பிரித்துப் பிரித்து வைத்ததை ஒரு நொடியில் கலைத்துப் போடுகிறார்கள். மை 'ரேஸ்' செய்தது அப்படித்தான்.

41க்கும் 645க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இதில் யார் சரி என்று கேட்டால் இரண்டு பேரும்தான். ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டு பொருளா? நதிக்குக் கரை உண்டு, குழாயைத் திறந்தவர் ஒருவர் உண்டு, வேறு என்று ஒருவர் சொல்லலாம். தண்ணீர் தண்ணீர்தான் என்று இன்னொருவர் சேர்த்துவிடலாம். தொகுக்கிறவர் எவ்வளவு நுணுக்கமாகத் துண்டு போடுகிறார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். அதனால் 'அதிக அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல்' என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆங்கிலத்தில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இன்னொரு நூலும் இருக்கிறது, ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் வரலாற்று இணைச்சொற் களஞ்சியம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965இல் ஆரம்பித்து 2009இல்தான் வெளிவந்தது, 44 வருஷ உழைப்பு, சுமார் 8 லட்சம் பொருள். ஒரு கருத்துக்கு எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தச் சொல் புழங்கியது என்று தேதியோடு காட்டும். இடையில் 1978இல் அவர்கள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது, துண்டுச் சீட்டுகள் இரும்பு அலமாரிகளில் இருந்ததால் தப்பித்தன. அன்றாட வேலைக்கு அது வேண்டியதில்லை, நூலகத்தில் பார்க்கக் கிடைத்தால் அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள், எழுந்திருக்க மனசு வராது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. அர்த்தம் சொல்லாததற்கும் அடைவின் பொடி எழுத்துக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்திருக்கிறேன்.

என் பிரதியின் ஓரங்களில் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருக்கிறேன். நிர்வாகப் பத்திக்குப் பக்கத்தில் 'நடத்து, கட்டிக்கா, பார்த்துக்கொள்', தொடர்ச்சிப் பத்திக்குப் பக்கத்தில் 'நீள், நீடி, படர்', கசிவுக்கு 'ஒழுகு, கசி, ஊறு, வடி' என்று வேலைக்கிடையில் தோன்றியதைத் தோன்றியபடி. தம்பி மகள் அன்றைக்கு அதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அழித்திருக்கிறது என்று கேட்டாள். அது 'இன் தி லாங் ரன்' என்ற தொடர். 'நாளடைவில்' என்று எழுதி அழித்திருந்தேன், ஏனென்றால் அதில் மெல்ல மெல்ல மாறுவது இருக்கிறது, கடைசிக் கணக்கு இல்லை. 'காலப்போக்கில்' என்பதும் அப்படியே. 'கடைசியில்' என்றால் நடுவில் இருக்கிற நீளமான வழி காணாமல் போகிறது. "போகப்போக-ன்னு போடலாமே பெரியப்பா" என்றாள். ஆங்கிலத்தில் ஓட்டமாக இருப்பது இங்கேயும் நடையாகவே வந்து நிற்கிறது. பென்சிலை அவளிடமே கொடுத்து எழுதச் சொன்னேன், இன்னும் அழிக்கவில்லை.